வீட்டுக்கல்வியில் நடுநிலை வகுப்பு அறிவியல் போதிய கடினம் உடையதா? அறிகுறிவாரியாகக் கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

வீட்டிலேயே படிக்கும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் அறிவியல் பாடத்தைப் பற்றி எழுப்பும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: நாங்கள் பின்பற்றும் பாடத்திட்டம் போதிய அளவு கடினமானதா, அல்லது பிள்ளை பின்தங்குவது எங்கள் கண்ணில் படாமலே போகிறதா? கேட்கும்போதே பலர் வேறொரு பாடத்திட்டத்தை வாங்க ஏறக்குறைய முடிவு செய்திருப்பார்கள். பல குடும்பங்களின் பாடநூல்களையும் குறிப்பேடுகளையும் அருகில் அமர்ந்து பார்த்துச் சரிசெய்து வந்ததிலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, புத்தகத்தை மாற்றுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை என்பதுதான். கையிலிருக்கும் அதே பாடத்தில் கேட்கப்படும் கேள்வியை மாற்றினாலே பெரும்பாலான குறைகள் நீங்கிவிடுகின்றன. கீழே உள்ள பகுதிகளில் உங்கள் வீட்டில் தென்படும் அறிகுறி எதுவோ அதற்கு நேராகச் செல்லலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருகின்றன.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

அண்மையில் முடித்த ஒரு பாடத்தின் வினாக்கள் அனைத்தையும், பயிற்சித்தாள்களையும் தேர்வையும் சேர்த்து, மூன்று குவியலாகப் பிரியுங்கள். விடை புத்தகத்தில் அப்படியே எழுதப்பட்டிருக்கும் வினாக்கள் முதற்குவியல். படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்தவோ, கணக்கிடவோ, வரைபடத்திலிருந்து படித்தெடுக்கவோ வேண்டிய வினாக்கள் இரண்டாவது. சான்றுகளை வைத்து முடிவெடுப்பது, சோதனையைத் திட்டமிடுவது, ஒருவர் சொன்ன முடிவில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிப்பது போன்றவை மூன்றாவது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. 1995 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வான டிம்ஸ், 2019ஆம் ஆண்டுச் சுற்றின் எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வை, அறிதலுக்கு 35 விழுக்காடு, பயன்படுத்துதலுக்கு 35 விழுக்காடு, பகுத்தறிதலுக்கு 30 விழுக்காடு என்று வகுத்திருந்தது. உங்கள் பாடமும் துல்லியமாக அப்படியே பிரிய வேண்டியதில்லை. ஆனால் பத்தில் ஒன்பது வினாக்கள் முதற்குவியலில் விழுந்தால், புத்தகத்தின் அட்டையில் எந்த வகுப்பு என்று அச்சிட்டிருந்தாலும், அந்தப் பாடம் பிள்ளையிடம் கேட்பது மிகக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: எல்லாவற்றிலும் முழு மதிப்பெண், பாடமும் விரைவில் முடிந்துவிடுகிறது

### புத்தகத்தைப் பார்த்து எழுதினால் மட்டும் முழு மதிப்பெண்ணா?

மிக எளிய காரணம் இதுதான். வினாவில் உள்ள சொல்லைப் பக்கத்தில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அங்கே நடந்தது தேடல் மட்டுமே. ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதே ஐந்து வினாக்களைச் சொற்களை மாற்றிக் கேளுங்கள். "அடர்த்தி என்றால் என்ன?" என்பதற்குப் பதிலாக, "79 கிராம் நிறையும் 10 கன சென்டிமீட்டர் கன அளவும் கொண்ட இரும்புத் துண்டைச் சரிபாதியாக வெட்டினால், ஒவ்வொரு பாதியின் அடர்த்தியும் எவ்வளவு?" என்று கேட்கலாம். பாதியாகிவிடும் என்று விடை வந்தால், வரையறை மனத்தில் ஒட்டியிருக்கிறதே தவிர அடர்த்தி என்ற கருத்து இன்னும் வந்து சேரவில்லை. இதைச் சரிசெய்யப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. முதற்குவியல் வினாக்களில் பாதியை நீக்கிவிட்டு இவ்வகை வினாக்களை நீங்களே எழுதிச் சேர்த்தால் போதும்.

### புத்தகத்தை மூடினாலும் விடை சரியாக வருகிறதா?

அப்படியானால் பிள்ளைக்கு அந்தப் பகுதி முன்பே தெரிந்திருக்கலாம். அடுத்த பாடத்தைத் தொடங்கும் முன், அதன் இறுதித் தேர்வைப் படிக்காமலேயே எழுதச் சொல்லுங்கள். ஐந்தில் நான்கு வினாக்களுக்குக் காரணத்தோடு சரியான விடை வந்தால், அந்தப் பாடத்தை ஓரிரு நாளில் முடித்துவிட்டு, மிஞ்சிய நேரத்தை அதே தலைப்பில் ஒரு நீண்ட சோதனைக்குக் கொடுப்பது என் வழக்கம். காரணத்தோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் ஊகத்துக்கும் மதிப்பெண் விழுந்துவிடும்.

### தொடர்ந்து பல பாடங்களிலும் இப்படியே நடக்கிறதா?

முன்தேர்வும், சொல் மாற்றிய வினாவும், மூன்றாம் குவியல் வினாவும் தொடர்ந்து மூன்று நான்கு பாடங்களில் எளிதாகத் தேறிவிட்டால் மட்டுமே பாடத்திட்டத்தின் உச்சவரம்பை எட்டிவிட்டதாகக் கருதலாம். அப்போது அடுத்த நிலைப் புத்தகத்துக்குச் செல்வது நியாயமானது. அதற்கும் முன்பாகக் கணிதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உயர்நிலை இயற்பியலும் வேதியியலும் இயற்கணிதம் தெரியாத பிள்ளையைச் சில வாரங்களிலேயே நிறுத்திவிடும்.

## அறிகுறி 2: வரையறைகள் சரளமாக வருகின்றன, "ஏன்" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது

நான் அதிகம் காண்பதும், மதிப்பெண் பட்டியலில் சிறிதும் தெரியாததும் இந்தக் குறைதான். ஆகவே சோதனைகளைச் சற்று விரிவாகத் தருகிறேன். இவற்றை ஒரே நாளில் தேர்வு போல நடத்த வேண்டாம். அந்தந்தப் பாடம் முடிந்தபின், பேச்சுவாக்கில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

### ஒளிச்சேர்க்கை முடிந்த பிறகு

"சிறு விதையாக இருந்தது பெரிய மரமாகிவிட்டது. அந்த நிறை முழுவதும் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளைகளிலும் பலர், மண்ணிலிருந்து வந்தது என்பார்கள். அப்போது விடையைச் சொல்லிவிடாமல் பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட்டின் சோதனையை எடுத்து வையுங்கள். உலர்த்தி நிறுத்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். முடிவில் மரம் ஏறத்தாழ 169 பவுண்டு இருந்தது, மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே. இந்த முடிவு அவருடைய மறைவுக்குப் பின் 1648இல் வெளியானது. மரத்தின் நிறை முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். அவர் எதை அளக்க மறந்தார் என்று பிள்ளையைக் கேளுங்கள். காற்று என்ற சொல்லும், கார்பன் டை ஆக்சைடு என்ற சொல்லும் தானாக வந்து சேரும் வரை காத்திருப்பது நல்லது, அதற்கு இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

### பொருளின் நிலைமாற்றம் முடிந்த பிறகு

நன்றாகக் கொதிக்கும் நீரில் எழும் பெரிய குமிழிகளுக்குள் இருப்பது என்ன? காற்று என்றும், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் என்றும் விடைகள் வரும். இருப்பது நீராவி. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் என்று சொன்ன பிள்ளைக்கு நிலைமாற்றமும் வேதிமாற்றமும் இன்னும் ஒன்றாகவே தெரிகின்றன. அடுத்த வேதியியல் பாடத்துக்கு நகரும் முன் அங்கே திரும்பிச் செல்ல வேண்டும்.

### மின்சுற்று முடிந்த பிறகு

ஒரு மின்கலமும் ஒரு விளக்கும் கொண்ட சுற்றில், விளக்குக்கு முன்னால் ஓடும் மின்னோட்டம் அதிகமா, பின்னால் ஓடுவது அதிகமா? விளக்கு கொஞ்சத்தைச் செலவழித்துவிடும் என்பது மிகவும் பரவலான தவறான எண்ணம். இரண்டு இடத்திலும் மின்னோட்டம் ஒரே அளவுதான். விளக்கில் மாற்றமடைவது ஆற்றல். ஓர் அம்மீட்டர் இருந்தால் இதை நிமிடங்களில் பார்த்துவிடலாம். மின்கலத்தைத் தவிர வேறெந்த மின் இணைப்பையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

### வானியல் முடிந்த பிறகு

கோடைக்குக் காரணம் கேட்டால், பூமி சூரியனுக்கு அருகில் வருவது என்று விடை வரலாம். உடனே திருத்தாமல் ஒரு தகவலை மட்டும் கொடுங்கள்: பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். மிகத் தொலைவில், ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தோடு இது எப்படிப் பொருந்தும் என்று கேளுங்கள். அச்சின் சாய்வு 23.5 பாகை என்பதை ஒப்பித்த பிள்ளை, அந்தச் சாய்வால் கதிர்கள் விழும் கோணமும் பகல்பொழுதின் நீளமும் மாறுவதை இங்கேதான் முதன்முறையாகப் பயன்படுத்த நேரும். நிலவின் பிறைகளுக்குப் பூமியின் நிழலைக் காரணம் காட்டினால், பகலில் சூரியனும் அரைநிலவும் ஒரே வானில் தெரியும் நாளுக்காகக் காத்திருங்கள். பூமியின் நிழல் சூரியனுக்கு எதிர்த்திசையில்தான் விழும். அதைச் சொல்லிவிட்டு மீதியைப் பிள்ளையிடம் விடலாம்.

### காரணங்களும் தீர்வும்

விளக்கம் படிப்பதற்கு முன்னால் "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று எவரும் கேட்காததே பல வீடுகளில் காரணம். ஒவ்வொரு பாடத்திலும் முன்கணிப்பை எழுதவைத்து, பிறகு பார்த்து, பிறகு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கச் சொல்லும் பழக்கம் இதைச் செலவில்லாமல் தீர்க்கிறது. அடுத்த காரணம், புத்தகமே கலைச்சொற்களின் பட்டியலாக எழுதப்பட்டிருப்பது. கலைச்சொல்லைப் பயன்படுத்தாமல் ஒரு நிகழ்வை விளக்கச் சொல்லிப் பாருங்கள். புத்தகத்தின் விளக்கத்தாலேயே அது முடியவில்லையென்றால் குறை புத்தகத்தில் இருக்கிறது, அந்தத் தலைப்புக்கு மட்டும் நூலகத்திலிருந்து வேறொரு நூலை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். முன்பு படித்த பல பாடங்களிலும் தவறான எண்ணங்கள் வேரூன்றியிருந்தால் அவற்றைத் திரும்ப நடத்துவதைத் தவிர வழியில்லை. அதற்கு ஒரு பருவம் முழுவதும்கூடப் போகலாம், அந்தக் காலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

## அறிகுறி 3: செய்முறைகள் எல்லாம் வெற்றி, ஆனால் குறிப்பேட்டில் எண்களே இல்லை

குறிப்பேட்டைத் திறந்து, அண்மைக்காலச் செய்முறைகளில் மூன்றைப் பாருங்கள். அளந்து எழுதிய எண் ஏதேனும் இருக்கிறதா? ஒரே அளவீடு இரண்டாம் முறை எடுக்கப்பட்டிருக்கிறதா? எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு ஒன்றேனும் பதிவாகியிருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்பது விடையானால், நடந்தவை காட்சி விளக்கங்கள்தான். அவற்றுக்கும் பாடத்தில் இடமுண்டு, ஆனால் அவற்றால் மட்டும் சோதனைத்திறன் வளராது.

### கிளை அ: முடிவு முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடுகிறது

செய்முறைப் பக்கத்தின் மேற்பகுதியை மட்டும் படியெடுத்துக் கொடுத்து, முடிவு எழுதப்பட்ட பகுதியை மறைத்துவிடுங்கள். இந்தச் சிறு மாற்றமே பல செய்முறைகளை ஒரு படி உயர்த்திவிடுகிறது.

### கிளை ஆ: செய்யும் படிகள் அனைத்தும் எழுதித் தரப்பட்டுவிடுகின்றன

இதைச் சோதிக்கத் தனி ஊசலைவிடச் சிறந்த கருவியை நான் அறியவில்லை. ஒரு நூல், கட்டித் தொங்கவிடச் சில எடைகள், அளவுகோல், நொடிகளைக் காட்டும் கடிகாரம் ஆகியவற்றை மேசையில் வைத்துவிட்டு, "ஊசல் ஒருமுறை போய்வரும் நேரத்தை எது தீர்மானிக்கிறது என்று கண்டுபிடி" என்று மட்டும் சொல்லி விலகி நில்லுங்கள். கவனிக்க வேண்டியவை: நூலின் நீளத்தையும் எடையையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒன்றை மாற்றும்போது மற்றதை அப்படியே வைத்திருக்கத் தோன்றுகிறதா; ஓர் அலைவை மட்டும் அளப்பதற்குப் பதிலாகப் பத்து அலைவுகளை அளந்து பத்தால் வகுக்கத் தோன்றுகிறதா; நீளத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது என்ற கேள்வி எழுகிறதா. கையால் கடிகாரத்தை அழுத்துவதில் நொடியின் பத்தில் இரண்டு பங்கு அளவுக்குத் தவறு நேர்வது இயல்பு. 1 நொடி அலைவில் அது பெரிய பிழை, பத்து அலைவுகளில் சிறிய பிழை.

ஊசலைத் தொங்கவிட்ட புள்ளியிலிருந்து எடையின் மையம் வரை 25 சென்டிமீட்டர் இருந்தால், சிறிய அலைவுகளில் அலைவு நேரம் ஏறத்தாழ 1 நொடி. 1 மீட்டர் இருந்தால் ஏறத்தாழ 2 நொடி. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகிறது. எடையை மாற்றுவதால் நேரம் மாறுவதில்லை. ஐந்தாறு நீளங்களுக்கு அளந்து வரைபடம் வரைந்தபின், 1.5 நொடிக்கு நூல் எவ்வளவு நீளம் வேண்டும் என்று வரைபடத்திலிருந்து முன்கூட்டிச் சொல்லவைத்து, அந்த நீளத்துக்குக் கட்டிச் சோதியுங்கள். விடை 56 சென்டிமீட்டருக்கு அருகில் வர வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைச் சிறு உதவியோடு முடித்துவிட்டால் சோதனைத்திறன் நல்ல நிலையில் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அடுத்து என்ன என்று உங்களைப் பார்த்தால், இனிவரும் செய்முறைகளில் படிகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

### கிளை இ: அளக்கக் கருவி இல்லை

0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, வெப்பமானி, அளவுருளை, நிறுத்துக் கடிகாரம் ஆகிய நான்கும் இருந்தால் நடுநிலை வகுப்புச் செய்முறைகளில் பெரும்பகுதியை அளவீடாக மாற்றிவிடலாம். சமையல் சோடாவும் வினிகரும் நுரைப்பதைக் காட்டாத பாடத்திட்டம் அரிது. தராசு வந்துவிட்டால் அதே செய்முறை வேறாகிவிடுகிறது: திறந்த பாத்திரத்தில் வினைக்கு முன்னும் பின்னும் நிறை எவ்வளவு, குறைந்தது எங்கே போனது? தொடர்ந்து, சிறிதளவு சோடாவை எடுத்து, வாயுவுக்கு நிறைய இடமுள்ள பெரிய பையில், காற்றை வெளியேற்றி இறுக மூடிச் செய்து பார்க்கலாம். நிறை மாறாது என்று எதிர்பார்க்கும் இடத்தில், பை உப்பியதும் தராசு சற்றுக் குறைவாகக் காட்டும். பை தன்னைச் சுற்றியுள்ள காற்றை விலக்குவதால் உண்டாகும் மிதப்பு விசையே அதற்குக் காரணம். 1 லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம் என்ற தகவலைக் கொடுத்து, இந்த முரண்பாட்டை விளக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக்கு இதைவிட நேர்மையான சவாலைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் இறுக மூடிய கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் புட்டியில் இதைச் செய்யவே கூடாது, வாயு அழுத்தத்தால் வெடித்துவிடும்.

### எப்போது வெளியாரை அழைப்பது

செறிவான அமிலங்கள், வீட்டு மின் இணைப்பைத் தொடும் சுற்றுகள், உடல் அறுத்துப் பார்க்கும் செய்முறைகள் ஆகியவை பாடத்தில் வந்தால், பயிற்சி பெற்றவர் நடத்தும் ஆய்வகத்துக்குச் செல்லுங்கள். ஆபத்தான பொருளைச் சேர்ப்பதால் பாடம் கடினமாகிவிடுவதில்லை. ஆகவே இவற்றைத் தவிர்த்துவிட்டாலும் இந்த வயதில் பெரிய இழப்பு இல்லை.

## அறிகுறி 4: அறிவியல் என்றாலே சலிப்பு

மிக எளிதான பாடமும் மிகக் கடினமான பாடமும் வெளியில் ஒரே முகத்தைக் காட்டுகின்றன: புத்தகத்தை எடுக்கத் தயக்கம், கொட்டாவி, எழுத்தில் அலட்சியம். எனவே சலிப்பைப் பார்த்தவுடன் கடினமான புத்தகத்தை வாங்குவது சூதாட்டம்தான். வேறுபடுத்திப் பார்க்க, நடத்திக்கொண்டிருக்கும் தலைப்பிலேயே ஒரு மூன்றாம் குவியல் வினாவைக் கொடுங்கள். நீங்களே எழுத முடியாவிட்டால், டிம்ஸ் ஆய்வின் முந்தைய சுற்றுகளில் கேட்கப்பட்டுப் பொதுவில் வெளியிடப்பட்ட எட்டாம் வகுப்பு வினாக்களிலிருந்து ஒன்றை எடுக்கலாம்.

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து வாதிடத் தொடங்கினால், பாடம் எளிது. அறிகுறி 1க்குச் செல்லுங்கள். வினாவைப் பார்த்தவுடனேயே "எனக்குத் தெரியாது" என்று தள்ளிவிட்டால், பாடம் கடினமாக இருக்கவோ தவறிவிடுவோம் என்ற அச்சம் இருக்கவோ வாய்ப்பு அதிகம். அறிகுறி 5க்குச் செல்லுங்கள். எதிலும் அசைவே இல்லை, பிற பாடங்களிலும் விளையாட்டிலும்கூட முன்பிருந்த ஆர்வம் இல்லை என்றால், அது பாடத்திட்டத்தின் சிக்கல் அல்ல. தூக்கம், உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைப் பாருங்கள். சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் பேச வேண்டும்.

## அறிகுறி 5: ஒரு பாடத்துக்கே மணிக்கணக்கு, அழுகை, அழித்தெழுதல்

இந்த அறிகுறியோடு வரும் பெற்றோர் பாடம் நல்ல சவாலாக இருப்பதாக நினைப்பதுண்டு. எந்த இடத்தில் திணறல் என்பதைக் கண்டுபிடிக்கும் வரை அந்த முடிவுக்கு வர வேண்டாம். அறிவியலில் திணறுவதாகத் தெரியும் பிள்ளைகள் பலர் உண்மையில் எழுதுவதிலோ, கணக்கிலோ, வாசிப்பிலோ திணறுகிறார்கள்.

எழுத்தா? எழுதி முடிக்க முடியாத அதே வினாவுக்கு வாய்மொழியாக விடை கேளுங்கள். தெளிவாக வந்தால் அறிவியல் சரியாக இருக்கிறது. விடையைப் படமாக வரையவோ, சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளவோ அனுமதியுங்கள். எழுத்துப் பயிற்சியைத் தனியாக நடத்துங்கள்.

கணிதமா? "மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 150 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்ற வினாவில் நின்றுவிட்டால், அறிவியலை நீக்கிவிட்டு, "60ஐ எதால் பெருக்கினால் 150 வரும்?" என்று கேளுங்கள். அதுவும் வரவில்லையென்றால் குறை வகுத்தலிலும் விகிதத்திலும் இருக்கிறது. நடுநிலை அறிவியலுக்குத் தேவையான கணிதம் அதிகமில்லை: தசமம், விகிதமும் விகிதசமமும், அலகு மாற்றம், குறை எண்கள், வரைபடம் படித்தல், ஒரே படியில் தீரும் சமன்பாடு. இவற்றில் எது விட்டுப்போனதோ அதைக் கணித நேரத்தில் சரிசெய்யும் வரை, அறிவியலில் கணக்கு குறைவான தலைப்புகளை நடத்தலாம்.

வாசிப்பா? பாடத்தின் ஒரு பத்தியை நீங்கள் உரக்கப் படித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். இன்னொரு பத்தியைப் பிள்ளையே மௌனமாகப் படித்தபின் அதேபோன்ற கேள்விகளைக் கேளுங்கள். காதால் கேட்டதில் நல்ல விடையும் கண்ணால் படித்ததில் குழப்பமும் தொடர்ந்து வந்தால், முதலில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் சரியாக இருந்தும் எல்லாப் பாடங்களிலும் அந்த இடைவெளி நீடித்தால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமங்களை மதிப்பிடும் கல்வி உளவியலாளரிடம் செல்லத் தயங்க வேண்டாம். இதுதான் இந்தப் பகுதியில் செலவு மிகுந்த படி. ஆயினும் காரணம் தெரியாமல் இரண்டு மூன்று பாடத்திட்டங்களை மாற்றிப் பார்ப்பதில் பிள்ளை இழக்கும் தன்னம்பிக்கையோடு ஒப்பிட்டால், தள்ளிப்போடக் கூடாத படியும் இதுதான்.

மூன்றும் சரியாக இருந்தும் திணறல் தொடர்ந்தால், முந்தைய ஆண்டின் அடிப்படை ஒன்று விடுபட்டிருக்கும். எல்லாப் பொருளும் நுண்ணிய துகள்களால் ஆனது என்னும் துகள் கொள்கை புரியாத பிள்ளைக்கு வேதிவினைப் பாடம் எத்தனை முறை படித்தாலும் ஏறாது. அந்த ஒரு பாடத்துக்குத் திரும்பிச் சென்றுவிட்டு வாருங்கள்.

## அறிகுறி 6: புத்தகம் தடிமன், ஒவ்வொரு பக்கத்திலும் புதுச் சொற்கள்

மூன்று குவியல் சோதனையை மறுபடி செய்யுங்கள். சொற்கள் மிகுந்து இரண்டாம், மூன்றாம் குவியல்கள் காலியாக இருந்தால், பாரம்தான் அதிகம், கடினம் குறைவு. ஒவ்வொரு பாடத்திலும் அடுத்த பாடங்களுக்குத் தேவைப்படும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தேர்விலிருந்து நீக்கிவிடுங்கள்.

## அறிகுறி 7: ஆண்டுதோறும் அதே தலைப்பு, அல்லது சில தலைப்புகள் வரவேயில்லை

ஒரு தாளில் மூன்று ஆண்டுகளையும் மேலே எழுதி, பக்கவாட்டில் பொருளும் அதன் மாற்றங்களும், விசையும் இயக்கமும், ஆற்றல், அலைகள், செல்லும் உடலமைப்பும், மரபும் பரிணாமமும், சூழல் மண்டலம், பூமியின் அமைப்பும் வானிலையும், விண்வெளி என்று எழுதிக்கொள்ளுங்கள். நடத்தியதைக் குறியுங்கள். வெற்றுக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தலைப்பு வரும் வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2013இல் வெளியான அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்கூட ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குரிய எதிர்பார்ப்புகளை ஆண்டுவாரியாகப் பிரிக்காமல் ஒரே தொகுப்பாகவே வைத்திருக்கின்றன. மூன்று ஆண்டு முடிவில் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்பதே கேள்வி.

ஒரே தலைப்பு மறுபடி மறுபடி வந்தால், ஒவ்வொரு முறையும் பிள்ளை செய்ய வேண்டியது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறாம் வகுப்பில் திண்மம், நீர்மம், வாயு ஆகியவற்றைத் துகள்களின் அசைவால் விளக்கிய பிள்ளை, எட்டாம் வகுப்பில் அணுக்கள் இடம் மாறிச் சேர்வதையும் மொத்த நிறை மாறாமலிருப்பதையும் வைத்து ஒரு வினையை விளக்க வேண்டும். எட்டிலும் மூன்று நிலைகளின் பெயர்களையே எழுதிக்கொண்டிருந்தால் அந்த அலகை விட்டுவிட்டு, வெற்றுக் கட்டங்களுக்கு அந்த வாரங்களைக் கொடுங்கள். வெற்றுக் கட்டம் ஒன்றிரண்டு என்றால் தனித்தனி அலகுகளைச் சேர்த்தால் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறுமையாக இருந்து, மூன்று குவியல் சோதனையிலும் அந்தப் பாடத்திட்டம் தேறவில்லையென்றால்தான் புத்தகத்தையே மாற்றுவதற்கான செலவு நியாயமாகிறது.

## அறிகுறி 8: பிள்ளையின் விடை சரியா என்று உங்களுக்கே தெரியவில்லை

விடைக்குறிப்பில் உள்ள சொற்றொடரோடு ஒத்துப்போகாத விடையை மதிப்பிட முடியாமல் போவதே இதன் முதல் வெளிப்பாடு. பிள்ளை தன் சொற்களில் எழுதிய நல்ல விடை தவறென்று குறிக்கப்படும்; நாளடைவில் பிள்ளையும் விடைக்குறிப்பின் மொழியிலேயே எழுதப் பழகிவிடும், அங்கிருந்து அறிகுறி 2 தொடங்கும். பாடத்தை ஒரு வாரம் முன்னதாக நீங்கள் படித்துவைப்பது முதல் தீர்வு. ஆறாம் வகுப்புக்கு அது பெரும்பாலும் போதுமானது. எட்டாம் வகுப்பில் விசை, வேதிவினை, மரபு ஆகிய அலகுகளில் போதாமல் போகலாம்.

அப்போது அறிவியல் கற்பித்த அனுபவம் உள்ள ஒருவரை ஒரு முறை அழைத்து மதிப்பிடச் சொல்லுங்கள். வாராந்திர டியூஷனாக அதை மாற்ற வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட வேண்டாம். பாடநூலை மட்டும் காட்டினால் அவர் பாடநூலைப் பற்றித்தான் பேசுவார். ஆகவே பிள்ளை எழுதிய ஒரு தேர்வு, திருத்தப்படாத ஒரு செய்முறைக் குறிப்பு, வரைபடம் ஒன்று, புத்தகத்தில் இல்லாத கேள்விக்குப் பிள்ளை சொன்ன விளக்கத்தின் ஒலிப்பதிவு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். "இந்தப் பாடத்திட்டம் கடினமானதா?" என்று கேட்காமல், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்த விடைகளில் எந்தத் தவறான எண்ணம் தெரிகிறது? இந்தச் செய்முறையை அடுத்த நிலைக்குக் கொண்டுபோக எதை மாற்றச் சொல்வீர்கள்? உயர்நிலை இயற்பியலையோ வேதியியலையோ இன்று தொடங்கினால் இந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் முதலில் நிற்கும்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் விடையை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த பருவத்தின் முதல் அலகாக அந்தப் பாடத்தையே வையுங்கள்.